எஞ்சினுக்குக் காட்டிய கற்பூரம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லண்டனில் கார் ஓட்டத் தெரியாத தமிழ் ஆண்கள் எல்லோரையும் ஒரே மினிவேனில் ஏற்றிவிடலாம். அதை ஓட்டத்தான் வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டும். நான் மூன்று முறை டெஸ்ட் எடுத்தேன், மூன்று முறையும் தோற்றேன். மூன்றாவது முறை பரிசோதகர் இறங்கும்போது என் தோளில் தட்டி, "இந்தப் பக்கம் பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, எச்சரிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் கார்களைப் பற்றிக் கதைக்கத் தெரியும். அதுதான் ஆபத்தாகப் போனது. அப்போது எனக்கு முப்பது வயது. கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் கொடுக்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்கக் கார்களின் பெயர்களும் நிறங்களும் இலக்கங்களும் என் கண் முன்னால் ஓடும். ஒன்றையும் தொட்டதில்லை. (சமையல் புத்தகம் அச்சடிக்கிறவன் பட்டினி கிடப்பதுபோல என்று அம்மா சொல்லுவா.)

நாங்கள் சவுத்தாலில் இருந்தோம். பக்கத்து வீட்டில் கென் என்ற ஆங்கிலேயர் இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக் கராஜில் ஒன்பது வருடமாக ஒரு ஹாட் ராட் கட்டிக்கொண்டிருந்தார். பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் உடல், வேறொரு காரின் பெரிய எஞ்சின், இன்னொன்றின் சக்கரங்கள். மட்கார்ட் இல்லை, எஞ்சினுக்கு மேலே மூடி இல்லை. முதல் முறை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. "என்ன தம்பி இது, எஞ்சினுக்கு ஒரு சட்டை போடக் கூடாதே? வெக்கமில்லாமல் எல்லாம் வெளியில தெரியுது."

சனிக்கிழமைகளில் நான் கென்னுக்கு டார்ச் பிடிப்பேன். அவர் காருக்கு அடியில் கிடப்பார், நான் வெளிச்சம் அடிப்பேன், பெரும்பாலும் பிழையான இடத்தில். அவரிடம் ஹாட் ராட்டின் வரலாறு பற்றித் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி இரண்டு வாரத்தில் படித்து முடித்தேன். முடித்த அன்றே எனக்குள் ஒரு நிபுணர் பிறந்துவிட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னிடம் ஒரு தோட்டமே இருந்தது.

அந்த நேரத்தில்தான் தர்ஷினியின் சம்மந்தம் வந்தது. அதற்கு முன் இரண்டு இடத்தில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டில் காரணமும் சொன்னார்கள்: "மாப்பிளை கொஞ்சம் கூடக் கதைக்கிறார்." தர்ஷினி சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மாமா வீட்டில் தங்கிப் படித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். படத்தில் பார்த்தவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம். இவள் மட்டும் ஓம் என்று சொல்லிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அம்மனிடம் நேரடியாகவே கேட்டேன்.

முதலில் போனில் கதைக்கச் சொன்னார்கள். கதைத்தேன். நாற்பது நிமிடம். பொழுதுபோக்கு என்ன என்று அவள் கேட்டதுதான் குற்றம்.

"ஹாட் ராட் எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று ஆரம்பித்தேன். அவள் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டேன். முப்பதுகளில், காசில்லாத காலத்தில், அங்கேயுள்ள இளைஞர்கள் பழைய மலிவுக் கார்களைக் குப்பை மேடுகளிலிருந்து இழுத்து வந்ததைச் சொன்னேன். ஓடுவதற்குத் தேவையில்லாத எதையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை. மட்கார்ட், மூடி, கூரை, சில வேளை முன்கண்ணாடியும்கூடப் போனது. பாரம் குறைந்தால் வேகம் கூடும். பிறகு பெரிய கார்களின் எஞ்சினைப் பிடுங்கி இதற்குள் வைத்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர் வற்றிப்போன ஏரிகளின் அடித்தளம் மேசைபோல மட்டமாக இருக்கும். விடியற்காலையில் அங்கே போய், யாருடையது வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு பெரிய யுத்தம் வந்தது. யுத்தத்துக்குப் போன பெடியள் விமானத்தையும் டாங்கியையும் பழுது பார்க்கப் பழகிக்கொண்டு திரும்பி வந்து, அந்தக் கைவேலையைக் கார்களில் காட்டினார்கள். தெருவிலும் ஓட்டினார்கள். ஊர் பயந்தது, பத்திரிகைகள் திட்டின. அதற்குப் பிறகுதான் ஒழுங்கான ஓட்டப்பாதைகளும் சங்கங்களும் வந்தன. ஹாட் ராட் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு மூன்று விளக்கம் உண்டு. மூன்றையும் சொன்னேன்.

அவள் நடுநடுவே "ஓம்" என்றாள். ஒவ்வொரு ஓமும் எனக்குத் தாலி கட்டுகிற ஓம் மாதிரிக் கேட்டது. ஒரேயொரு இடத்தில் மட்டும், "எங்கட அப்பாவும் மட்கார்ட் இல்லாத கார் ஒண்டு வச்சிருந்தவர்..." என்று தொடங்கினாள்.

"பொறுங்கோ, இந்த ஏரிக் கதையை முடிச்சிட்டு வாறன்" என்றேன். முடித்துவிட்டு வரவில்லை.

கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரேக்க அந்தக் காரிலயே வாறன், பாருங்கோ" என்று வாக்கும் கொடுத்தேன். எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில்தான். சும்மா கும்பிட வந்தோம், தற்செயலாகக் கண்டோம் என்ற பாவனை. பிடிக்காவிட்டால் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தது என்ற கணக்கில் போகும், ஒருவருக்கும் மானக்கேடு இல்லை. (எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். நான் திரும்பவும் அங்கே போக வேண்டும்.)

கென்னிடம் கெஞ்சினேன். கார் அப்போதுதான் முடிந்திருந்தது. கண்ணாடி மாதிரிக் கறுப்புப் பெயின்ட். அடுத்த மாதம் அதைத் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தார். ஒன்பது வருடம் காத்திருந்த நாள் அது. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். தான்தான் ஓட்டுவார். (அதில் எனக்கு ஆட்சேபனை இருக்க முடியாது.) ஒருவரும் காரில் சாயக் கூடாது. எஞ்சினுக்குக் கிட்ட யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

"எங்கள் கோயிலில் சிகரெட்டே பிடிக்க மாட்டார்கள்" என்று பெருமையாகச் சொன்னேன். கற்பூரம் என் நினைவுக்கு வரவேயில்லை. கற்பூரம் நெருப்பு என்று எங்களில் யார்தான் நினைக்கிறார்கள்? அது சாமி.

அந்த ஞாயிறு நல்ல குளிர். வேட்டி கட்டத்தான் வேண்டும் என்றா அம்மா. குளிருக்கு உள்ளே காலோடு ஒட்டுகிற தெர்மல் காற்சட்டை போடத்தான் வேண்டும் என்றும் சொன்னா. அந்தத் தெர்மலை அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட் கடையொன்றில் மலிவாகக் கிடந்தது என்று அள்ளிக்கொண்டு வந்திருந்தா. பெண்களுடையது. ஊதா நிறம். "வேட்டிக்குள்ள ஆர் பார்க்கப் போயினம்?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். வேட்டியும் மடித்துக் கட்டுகிற ஒழுங்கான வேட்டி இல்லை, இடுப்பில் வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற வேட்டி. எனக்கு வேட்டி கட்டவும் தெரியாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

அம்மா அர்ச்சனைத் தட்டத்தோடு பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டா. நானும் கென்னும் பெரும் சத்தத்தோடு வந்து சேர்ந்தோம். காரைக் கண்டதும் வாசலில் நின்றவர்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள். அம்மா ஓடி வந்தா.

"புதுக் கார் முதல் முதல் கோயிலடிக்கு வந்திருக்கு. பூசை செய்யாமல் திருப்பி அனுப்பக் கூடாது தம்பி."

கென்னிடம் விளக்கினேன். அவர் சிரித்தார். "தெருவில் ஓட்டத் தகுதியா என்று பார்க்கிற எம்.ஓ.டி. சோதனைக்கு இதைக் கொண்டுபோன அன்று நானே முழந்தாளில் நின்று மன்றாடினேன். கிடைக்கிற உதவியெல்லாம் வரட்டும்." அதோடு அம்மா அவரை மடப்பள்ளிப் பக்கம் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. எங்கள் அம்மாவின் விருந்தோம்பலில் மாட்டிய ஆள் அரை மணித்தியாலத்துக்குத் திரும்ப மாட்டார்.

நான்கு சக்கரத்துக்கும் நான்கு தேசிக்காய் வைத்தேன். மாலையை எங்கே போடுவது? வழக்கமாக மூடிக்கு மேலே போடுவார்கள். இதற்குத்தான் மூடி இல்லையே. எஞ்சினின் உச்சியில் மூன்று கார்புரேட்டர், வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன. பார்க்க மூன்று சந்நிதி மாதிரியே இருந்தது. மாலையை அவற்றைச் சுற்றிப் போட்டேன். அப்போதுதான் எஞ்சினை நிறுத்தியிருந்தோம். சூட்டில் பெட்ரோல் கொதித்து அந்த வாய்களால் மெல்ல வழிந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தில் அது இல்லை. அல்லது இருந்த பக்கத்தை நான் தாண்டிவிட்டேன்.

ஐயர் வந்து ரேடியேட்டரில் சந்தனம், குங்குமம் வைத்தார். சரியாக அந்த நேரம் பார்த்து தர்ஷினி தன் மாமாவோடு வாசலுக்கு வந்து நின்றாள். பச்சைச் சேலை. படத்தில் இருந்த அதே முகம், இன்னும் தீர்மானிக்காத சிரிப்பு.

என் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது. "இதுதான் நான் சொன்ன கார். அந்தக் காலத்துப் பெடியள் மூடியைக் கழட்டினதே எஞ்சினைக் காட்டத்தான்..." (முதலில் வேகத்துக்காகக் கழற்றினார்கள் என்று போனில் சொன்னவன் நான்தான்.)

ஐயர் காருக்கு முன்னால் எட்ட நின்று கற்பூரத்தைக் காட்டப் போனார். நிபுணருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அங்க இல்லை. எஞ்சின்தான் இதுக்கு மூலஸ்தானம். இஞ்ச காட்டுங்கோ."

ஐயர் மூக்கைச் சுருக்கினார். "தம்பி, பெட்ரோல் மணக்கிற மாதிரிக் கிடக்கே?"

"அது ஹாட் ராட்டின்ர வாசம் ஐயா. அப்பிடித்தான் மணக்கும்." சொல்லிக்கொண்டே அவருடைய முழங்கையை மிகுந்த மரியாதையோடு பிடித்து முன்னால் நகர்த்தினேன்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்பார்கள். அன்றிலிருந்து இந்தக் கழுதைக்குத் தெரியும்.

'பக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலில் நீலமாக, பிறகு மஞ்சளாக, மூன்று சந்நிதியிலும் ஒரே நேரத்தில் நெருப்பு எழுந்தது. மாலை பற்றியது. ஐயர் தட்டோடு பின்னால் பாய்ந்தார். (தட்டில் இருந்த கற்பூரம் அணையவில்லை. தொழில் சுத்தம்.) சனம் "அம்மாளாச்சி!" என்று கத்தியது. நான் கால் கழுவுகிற இடத்தில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"தண்ணி ஊத்தாதேங்கோ! பெட்ரோல் பரவும்!"

தர்ஷினியின் குரல். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கோயில் வாசலில் நின்ற நூறு பேருக்கும் கேட்கும்படி, நேரில் அவள் என்னிடம் பேசிய இரண்டாவது வசனத்தைச் சொன்னாள்.

"வேட்டியைக் கழட்டுங்கோ!"

"என்ன?"

"கழட்டுங்கோ எண்டுறன், கெதியா!"

அவள் காத்திருக்கவில்லை. ஒரே இழுப்பு. வெல்க்ரோ பிய்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெருப்புக்குக் கத்திக்கொண்டிருந்த சனம் முழுவதும் அந்தச் சத்தத்தில் அமைதியாகி என்னைத் திரும்பிப் பார்த்தது. வேட்டிக்குள்ள ஆர் பார்க்கப் போயினம் என்று கேட்ட என் அம்மாவும் அந்த நேரம் பார்த்துக் கென்னோடு வெளியே வந்தா.

தர்ஷினி வேட்டியை வாளிக்குள் அமுக்கினாள், பிழிந்தாள், நான்காக மடித்து மூன்று கார்புரேட்டரையும் சேர்த்து மூடி ஓரங்களை இறுக்கிப் பொத்தினாள். "பெட்ரோலைப் பூட்டுற டாப் எங்க?" என்று கேட்டாள்.

எந்த ஏரியில் யார் முதலில் ஓடினார்கள் என்று எனக்குத் தெரியும். யுத்தத்துக்குப் பிறகு எந்த எஞ்சின் மலிந்து கிடந்தது என்றும் தெரியும். டாப் எங்கே என்று தெரியாது. ஊதாக் காலோடு விழித்துக்கொண்டு நின்றேன். அவள் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய், தானே கண்டுபிடித்துப் பூட்டினாள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. மஞ்சள் புகையும், கருகின செவ்வந்தியும், என் மானம் தீய்ந்த மணமும் மட்டும் மிச்சம்.

கென் ஒரு கையில் வடையோடும் நெற்றியில் திருநீற்றோடும் மெதுவாக நடந்து வந்தார். எஞ்சினுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த தகட்டிலும் ஒரு பக்கக் கதவிலும் அந்தக் கண்ணாடிக் கறுப்பு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கியிருந்தது. அவர் ஒரு கொப்புளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குள் சனம் தீர்ப்பு எழுதத் தொடங்கியிருந்தது. "ஐயர் கொஞ்சம் தள்ளி நிண்டிருக்கலாம்" என்றார் தர்ஷினியின் மாமா. "நாவூறு, கண் பட்டிட்டுது, எல்லாரும் போட்டோ எடுத்தவை" என்றா அம்மா. ஐயர் பாவம், தட்டை இன்னும் கையில் பிடித்தபடியே நின்றார்.

"கென், நான்தான்" என்றேன். "பெட்ரோல் மணக்கிறது என்று ஐயர் சொன்னார். நான்தான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். முழுக்க என் பிழை." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். ஊதாத் தெர்மலோடு நின்று அழுகிற ஒரு மாப்பிளையை அந்தக் கோயில் அதற்கு முன் கண்டிருக்காது.

கென் என் காலைப் பார்த்தார். வடையை வாயில் கவ்விக்கொண்டு தன் நீளக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். பிறகு வடையைக் கையில் எடுத்து, "உனக்குக் குளிரும்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அடி. கென் தர்ஷினியிடம், இதெல்லாம் எங்கே பழகினாய் என்று கேட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராது. அப்பாவிடம் மிகப் பழைய இங்கிலிஷ் கார் ஒன்று இருந்தது. கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். பெட்ரோல் விடும்போது சில வேளை நெருப்பு முகத்துக்கு அடிக்கும். அதனால் நனைத்த சாக்கோடு பக்கத்தில் நிற்பது எட்டு வயதில் அவளுடைய வேலை. பாதிச் சாமான் வேறு வேறு கார்களில் கழற்றியது. மூடி எப்போதோ போய்விட்டது, அடிக்கடி திறந்து மூடி அலுத்து அப்பாவே எடுத்து எறிந்துவிட்டார்.

"மட்கார்ட்?" என்று கேட்டேன். "பாரம் குறைக்கவோ?"

"இல்லை. துருப்பிடிச்சுத் தானா விழுந்தது."

கலிபோர்னியாப் பெடியளும் உன் அப்பாவும் ஒரே ஜாதி என்று கென் சொன்னார். இருவரும் எஞ்சினுக்கு மேலே குனிந்துகொண்டு நாற்பது நிமிடம் கதைத்தார்கள். நான் கோட்டைப் போர்த்திக்கொண்டு படியில் குந்தியிருந்து பொங்கல் சாப்பிட்டபடி, நடுநடுவே "ஓம்" சொன்னேன். யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி ஒன்றும் வந்தது. வந்தவர்கள் வேலை இல்லாததால் காரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னையும் நிற்கச் சொன்னார்கள்.

அன்று மாலை தர்ஷினியின் மாமா போன் எடுத்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டா.

"பிள்ளை ஓம் எண்டிட்டாள்" என்றார் மாமா. பெருமூச்சு விட்டார். "எனக்குத்தான் கொஞ்சம் யோசனையாக் கிடக்கு."

கென் கண்காட்சிக்குப் போனார். பெயின்ட் முழுவதும் உரித்துப் பூச நாள் காணாது. அதனால் கொப்புளம் வந்த இடங்களைத் தேய்த்துவிட்டு, அதற்கு மேலே செம்மஞ்சள் சுவாலைகள் வரைந்தார். ஹாட் ராட்டுகளில் அப்படிச் சுவாலை வரைவது பழைய வழக்கம். அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு, எனக்கு வேண்டாம் என்று ஒன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது யாராவது வரைந்தது யார் என்று கேட்டால், "வரைந்தது நான், யோசனை அம்மனுடையது" என்பார். எங்கள் கலியாணத்துக்கும் அதே கார்தான். கற்பூரம் மண்டபத்தின் மறு கோடியில் கொளுத்தப்பட்டது. கென் கையில் தீயணைப்பான், அம்மா கையில் நனைத்த துவாய்.

பதினான்கு வருடமாயிற்று. எங்கள் வீட்டில் கற்பூரம் கொளுத்தினால் இன்றும் யாராவது ஒருவர் "வேட்டியைப் பிடி!" என்று கத்துவார்கள். எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னால் எனக்கு எப்போதும் ஊதாக் கால் போடுவாள். ஆசிரியை ஒருமுறை அக்கறையோடு கூப்பிட்டு விசாரித்தார்.

சொந்தக்காரர் கூடினால் தர்ஷினிதான் கதையைச் சொல்லுவாள். முடிவில் எப்போதும், "வேற ஆம்பிளை எண்டால் வேட்டியை இறுக்கிப் பிடிச்சிருப்பான், இவர் விட்டிட்டார்" என்று சேர்ப்பாள். எல்லோரும் என்னை மெச்சுவார்கள். எனக்கு உள்ளே குத்தும். போன மாதம் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன். "நான் விடேல்லையப்பா. ரெண்டு கையாலயும் பிடிச்சனான். வெல்க்ரோதான் விட்டது."

"தெரியும்" என்றாள். "என்ர கையில நகம் கீறின அடையாளம் ஒரு கிழமை இருந்தது."

"அப்ப ஏன் ஓம் எண்டனீர்?"

"எல்லாரும் ஐயரில பழியைப் போடேக்க, நீங்கள் அந்தக் கோலத்தோட போய் நான்தான் எண்டு சொன்னனீங்கள். அதுக்குத்தான்." பிறகு படத்தில் இருந்த அந்தச் சிரிப்பு வந்தது. "அதோட, அந்த ஊதா உங்களுக்கு வடிவாத்தான் இருந்தது."